மினசோட்டாவின் நவம்பர் மாத வானிலை

மினசோட்டாவின் நவம்பர் மாத வானிலை என்பது ஐக்கிய அமெரிக்காவின் வட நடுப்பகுதியில் அமைந்துள்ள மினசோட்டா மாநிலத்தில், இலையுதிர்காலத்தின் இறுதி மாதத்தில் நிலவும் வானிலையைக் குறிக்கும். வானிலையியலாளர் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் ஆகிய மூன்று மாதங்களையும் இலையுதிர்காலமாகக் கொள்கின்றனர். ஆயினும் மினசோட்டாவில் மரங்களின் வண்ணமாற்றம் அக்டோபர் நடுப்பகுதியோடு பெரும்பாலும் முடிந்துவிடும். நவம்பரில் கிளைகள் வெறுமையாக நிற்கும். சில ஓக் மரங்கள் மட்டும் காய்ந்த பழுப்பு இலைகளை உதிர்க்காமல் வைத்திருக்கும். எனவே இம்மாதத்தை இலையுதிர்காலம் என்பதைவிட இலையுதிர்ந்த காலம் என்பதே பொருத்தமாகும்.

இம்மாதத்தின் முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையிலான வேறுபாடு மிகப் பெரியது. சில ஆண்டுகளில் முதல் வாரத்தில் 20 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பநிலை உயர்ந்து, கடைசி வாரத்தில் உறைநிலைக்கு வெகு கீழே சென்றிருக்கிறது. இம்மாற்றம் சீராக நிகழ்வதில்லை. சில மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடக்கூடும். இம்மாநிலத்தின் பேரிடர் வரலாற்றில் நவம்பர் அடிக்கடி இடம்பெறுவதற்கு, கடுங்குளிரைக் காட்டிலும் இந்தத் திடீர்த்தன்மையே முதன்மையான காரணமாகும். 1905, 1940, 1975, 1991 ஆகிய ஆண்டுகளின் புயல்கள் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை.

இப்பகுதியின் தொல்குடிகளான ஒஜிப்வே மக்களின் மொழியில் நவம்பர் மாதம் 'கஷ்கதினோ கீசிஸ்' எனப்படுகிறது. நீர்நிலைகள் உறையும் திங்கள் என்பது இதன் பொருள்.

அமைவிடமும் காரணங்களும்

மினசோட்டா ஏறத்தாழ 43.5 பாகை முதல் 49.4 பாகை வரையிலான வட அகலக்கோடுகளுக்கு இடையே அமைந்துள்ளது. கடலிலிருந்து வெகு தொலைவில், கண்டத்தின் நடுவில் இருப்பதால் குளிரையும் வெப்பத்தையும் மட்டுப்படுத்தக் கடற்காற்று இங்கு வருவதில்லை. மாநிலத்தின் மேற்கிலும் வடமேற்கிலும் கனடா வரை பரந்த சமவெளி உள்ளது. வடமுனைப் பகுதியிலிருந்து இறங்கும் குளிர்காற்றைத் தடுக்கத்தக்க மலைத்தொடர் எதுவும் இடையில் இல்லை. தெற்கிலும் இதே நிலைதான். மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகத் தடையின்றி மேலேறி வரும்.

கோடையில் கனடாவின் மேல் நிற்கும் தாரைக்காற்று எனப்படும் உயர்வளிமண்டலக் காற்றோட்டம் இலையுதிர்காலத்தில் வலுப்பெற்றுத் தெற்கு நோக்கி நகர்கிறது. நவம்பரில் அது பெரும்பாலும் மினசோட்டாவின் மேலோ அதற்கு அருகிலோ அமைகிறது. வடக்கே நிலம் விரைந்து குளிர்ந்துவிட்ட நிலையில் தெற்கே வளைகுடா நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். இவ்விரு காற்றுத்திரள்களுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடே காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிகளுக்கு ஆற்றலை அளிக்கிறது.

இத்தாழ்வுப் பகுதிகள் இரு முதன்மையான வழிகளில் வருகின்றன. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலிருந்து தென்கிழக்காக விரைந்து வருபவை 'ஆல்பர்ட்டா கிளிப்பர்' எனப்படுகின்றன. இவற்றில் ஈரம் குறைவு. சிறிதளவு பனியையும் பின்தொடரும் கடுங்குளிரையும் கொண்டுவரும். கொலராடோ, ஒக்லகோமா பகுதிகளில் உருவாகி வடகிழக்காகத் திரும்பி வருபவை இரண்டாம் வகையின. இவை வளைகுடா ஈரத்தை இழுத்து வருவதால் கனத்த மழையும் பனியும் தருகின்றன. மாநிலத்தின் பெரும் நவம்பர்ப் புயல்களில் பல இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

1998 நவம்பர் 10 அன்று இத்தகைய தாழ்வு ஒன்று மாநிலத்தின் மேல் ஆழமடைந்தபோது, தென் மினசோட்டாவின் ஆல்பர்ட் லீ, ஆஸ்டின் நகரங்களில் காற்றழுத்தம் 962.6 மில்லிபாருக்கு இறங்கியது. அது அப்போது மாநிலத்தின் மிகக் குறைந்த அளவாக இருந்தது. 2010 அக்டோபர் 26 அன்று வடக்கிலுள்ள பிக்போர்க் என்னும் ஊரில் பதிவான 955.2 மில்லிபார் அதனை முறியடித்தது. வலுவான வெப்பமண்டலச் சூறாவளிகளின் மையத்தில் காணப்படும் அழுத்தத்துக்கு ஒப்பான அளவு இது.

வெப்பநிலை

மினியாப்பொலிஸ், செயிண்ட் பால் ஆகிய இரட்டை நகரங்களில் மாதத் தொடக்கத்தில் பகல்நேர உயர் வெப்பநிலை சராசரியாக 10 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். மாத முடிவில் அது 1 அல்லது 2 பாகைக்கு இறங்கிவிடும். ஒரே மாதத்தில் சராசரி இவ்வளவு வீழ்வது இங்கு வேறெந்த மாதத்துக்கும் எளிதில் வாய்க்காத இயல்பு. கனடா எல்லையில் உள்ள இன்டர்நேஷனல் பால்ஸ் நகரில் மாதச் சராசரி இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே சுமார் 8 பாகையாகும்.

சராசரிகள் இம்மாதத்தைப் பற்றி முழுமையாகக் கூறுவதில்லை. இரட்டை நகரங்களில் நவம்பரின் பதிவு பெற்ற உச்சம் 25 பாகை (77 பாகை பாரன்ஹீட்). பதிவு பெற்ற தாழ்வோ 1875 நவம்பர் 29 அன்று ஏற்பட்ட உறைநிலைக்குக் கீழே 31.7 பாகை (பாரன்ஹீட் அளவில் சுழியத்துக்குக் கீழே 25). ஒரே ஊரில், ஒரே மாதத்தின் எல்லைகள் இவை.

முதல் உறைபனிக்குப் பின்னர் சில நாள்கள் தெளிந்த வானமும் இதமான வெயிலும் திரும்பி வருவதுண்டு. இது 'இந்தியன் சம்மர்' எனப் பேச்சு வழக்கில் அழைக்கப்படுகிறது. இதற்கும் இந்திய நாட்டுக்கும் தொடர்பில்லை. இங்கே 'இந்தியன்' என்பது அமெரிக்கத் தொல்குடிகளைக் குறித்த பழைய வழக்காகும்.

காற்று வீசும்போது உடல் உணரும் குளிர் வெப்பமானி காட்டுவதைவிட மிகுதியாகும். இதனைக் கணக்கிடும் காற்றுக்குளிர்ச் சுட்டெண்ணின் திருத்திய வாய்பாட்டை அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை 2001 நவம்பர் முதல் பயன்படுத்தி வருகிறது. அதன்படி, உறைநிலைக்குக் கீழே 10 பாகை குளிரில் மணிக்கு 40 கி.மீ. காற்று வீசினால், மூடப்படாத தோல் உறைநிலைக்குக் கீழே 21 பாகையில் இருப்பது போன்று வெப்பத்தை இழக்கும்.

முகிலும் பகலொளியும்

மினசோட்டாவில் ஆண்டின் மிக முகில் சூழ்ந்த மாதம் நவம்பர் ஆகும். ஏரிகளும் ஆறுகளும் இன்னும் உறையாததால் அவற்றிலிருந்து ஈரம் காற்றில் சேர்ந்துகொண்டே இருக்கும். நிலத்தை ஒட்டிய குளிர்காற்றின் மேல் சற்று வெப்பமான காற்று மூடிபோல் அமர்ந்து அந்த ஈரத்தைக் கீழேயே நிறுத்திவிடும். கோடையாயின் வெயில் ஏறியதும் இத்தகைய தாழ்முகில் கலைந்துவிடும். நவம்பரிலோ, நண்பகல் கதிரவனின் உயரம் இரட்டை நகரங்களில் மாதத் தொடக்கத்தில் சுமார் 30 பாகை, மாத முடிவில் சுமார் 23 பாகை மட்டுமே. முகிலைக் கலைக்க அவ்வெயிலுக்கு வலுவில்லை. ஒரு வாரம் வரையில்கூடக் கதிரவனைக் காணாத நிலை ஏற்படுவதுண்டு.

பகற்பொழுதும் குறைகிறது. மாதத் தொடக்கத்தில் சுமார் 10 மணி 10 நிமிடமாக இருக்கும் பகல், முடிவில் 9 மணி நேரமாகச் சுருங்கும். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னோக்கித் திருப்பப்படுவதால், மாலை இருள் மக்களுக்கு ஒரே நாளில் வந்துவிட்டதுபோல் தோன்றும். மாத இறுதியில் மாலை 4.30 மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிடும்.

மழையிலிருந்து பனிக்கு

மொத்தப் பொழிவின் அளவில் நவம்பர் ஒரு வறண்ட மாதமே. இரட்டை நகரங்களில் சராசரியாக 4 செ.மீ. அளவு நீரே விழுகிறது. சூன் மாதத்தில் இது 11 செ.மீட்டருக்கு மேல் இருக்கும். ஆனால் அந்த நீர் எவ்வடிவில் விழுகிறது என்பதில்தான் இம்மாதத்தின் சிக்கல் உள்ளது. ஒரே புயலில் முதலில் மழை, பின்னர் உறைமழை, அதன்பின் பனித்துகள், இறுதியில் வெண்பனி என நான்கும் வரலாம்.

இவற்றுள் உறைமழை போக்குவரத்துக்குப் பெருங்கேடு விளைவிப்பது. மேலே வெப்பமான காற்றடுக்கின் வழியாக நீராகவே இறங்கும் துளிகள், உறைநிலைக்குக் கீழே உள்ள தரையையோ மரக்கிளையையோ மின்கம்பியையோ தொட்டவுடன் கண்ணாடிபோல் உறைந்துவிடுகின்றன. சாலையில் இவ்வுறை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஈரமான தார்ச்சாலை போலவே காட்சியளிக்கும்.

இரட்டை நகரங்களில் ஓர் அங்குலம், அதாவது 2.5 செ.மீ. அளவுக்கு முதல் பனி விழுவது பெரும்பாலும் நவம்பர் நடுப்பகுதியை ஒட்டியே. மாநிலத்தின் வட எல்லையில் இது முன்னதாகவே நிகழ்ந்துவிடும். மாத முழுவதும் இரட்டை நகரங்களில் விழும் பனி, கணக்கிடப்படும் முப்பதாண்டுக் காலத்தைப் பொறுத்துச் சராசரியாக 15 முதல் 25 செ.மீ. வரை அமைகிறது. பனியே இல்லாத நவம்பர்களும் உண்டு. 1991ஆம் ஆண்டைப் போன்ற நவம்பர்களும் உண்டு.

பனி விழுவது எப்போது என்பது உழவர்க்கும் வீட்டார்க்கும் முக்கியமானது. பனிப் போர்வை தரையின் வெப்பத்தைக் காக்கும். பனி விழுமுன் கடுங்குளிர் வந்துவிட்டால் உறைவு மண்ணில் ஆழமாக இறங்கி, நிலத்தடி நீர்க்குழாய்களும் பல்லாண்டுப் பயிர்களின் வேர்களும் சேதமடையும். இடிமழையும் சூறைச்சுழலும் நவம்பரில் அரிது என்றாலும் இல்லாமலில்லை. 1931 நவம்பர் 16 அன்று மேப்பிள் பிளெயின் என்னும் ஊரில் ஏற்பட்ட சூறைச்சுழலே, ஆண்டின் மிகப் பிந்திய நாளில் மாநிலத்தில் ஏற்பட்டது என்ற பதிவைத் தொண்ணூறு ஆண்டுகள் கொண்டிருந்தது. 2021 திசம்பர் 15 அன்று ஏற்பட்ட சூறைச்சுழல்கள் அதனை மாற்றின.

சுப்பீரியர் ஏரியும் நவம்பர்ப் புயல்களும்

மாநிலத்தின் வடகிழக்கு எல்லையாக அமைந்துள்ள சுப்பீரியர் ஏரி, பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரியாகும். இதன் நீர் மிக மெதுவாகக் குளிர்வதால் நவம்பரிலும் உறைநிலைக்கு மேல் பல பாகைகள் இருக்கும். இதனால் துலூத் நகரின் கரையோரத்தில் மழை பெய்துகொண்டிருக்கையில், சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள மேட்டுப்பகுதியில் பனி கொட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

அதே வெதுவெதுப்பு புயலுக்கும் துணைசெய்கிறது. வெப்பமான நீர்ப்பரப்பின் மேல் கடுங்குளிர் காற்று பாயும்போது கீழிருந்து வெப்பமும் ஈரமும் ஏறி, தாழ்வுப் பகுதியை மேலும் ஆழமாக்கும். மேலேயுள்ள விரைவான காற்றும் எளிதாக நீர்மட்டத்துக்கு இறங்கிவிடும். ஏரியின் நீளம் ஏறத்தாழ 560 கி.மீ. என்பதால் அலைகள் வளர்வதற்கு வேண்டிய வெளி இருக்கிறது. குளிர்காலத்தில் துறைமுகங்கள் மூடப்படுமுன் இயன்ற அளவு இரும்புத்தாதுவையும் தானியத்தையும் கொண்டுசேர்க்கக் கப்பல்கள் விரைவது இம்மாதத்தில்தான். புயலும் விரைவும் ஒன்றுசேர்ந்ததன் விளைவுகள் பலமுறை காணப்பட்டுள்ளன.

1905 நவம்பர் 27 அன்று துலூத் துறைமுகத்திலிருந்து மாட்டாபா என்னும் தாதுக்கப்பல், தாதுப்படகு ஒன்றை இழுத்துக்கொண்டு புறப்பட்டது. புயல் மூண்டதும் அது திரும்பிவந்தது. 28 அன்று துறைமுகக் கால்வாயினுள் நுழைய முயன்றபோது அலை அதனைத் தூக்கிக் கால்வாய்ச் சுவரில் மோதியது. கப்பல் சுழன்று, கரைக்கு மிக அருகிலேயே தரைதட்டி உடைந்தது. துலூத் மக்கள் ஆயிரக்கணக்கில் கரையில் கூடி நெருப்பு மூட்டி இரவு முழுவதும் நின்றனர். எனினும் மீட்புப் படகை அலைகளுக்குள் இறக்க முடியவில்லை. காலையில் சென்று பார்த்தபோது, 24 மாலுமிகளில் 9 பேர் இறந்துகிடந்தனர். அவர்களுட் சிலரது உடல்கள் பனிக்கட்டியில் உறைந்திருந்தன. இப்புயல் 'மாட்டாபா புயல்' என்றே பெயர்பெற்றது.

அதே புயலில் ஏரியின் வடகரைப் பாறைகளிலும் கப்பல்கள் மோதி உடைந்தன. கப்பல் நிறுவனங்களின் வேண்டுகோளை ஏற்று, அங்குள்ள ஸ்பிளிட் ராக் என்னும் ஏறத்தாழ 40 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையின் மேல் கலங்கரை விளக்கம் கட்டப்பட்டு 1910இல் ஏற்றப்பட்டது. 1969 வரை அது பயன்பாட்டில் இருந்தது. பின்னர் மினசோட்டா வரலாற்றுக் கழகத்தின் பராமரிப்பில் காட்சியிடமாயிற்று.

1975 நவம்பர் 9 அன்று, துலூத்தை அடுத்துள்ள விஸ்கான்சின் மாநிலத்தின் சுப்பீரியர் துறைமுகத்திலிருந்து எட்மண்ட் பிட்ஸ்ஜெரால்ட் என்னும் 222 மீட்டர் நீளக் கப்பல், சுமார் 26,000 டன் டாக்கனைட் இரும்புத்தாதுக் குறுமணிகளுடன் டெட்ராய்ட் நோக்கிப் புறப்பட்டது. முந்திய நாள் ஒக்லகோமா பகுதியில் உருவான தாழ்வு வடகிழக்காக வந்துகொண்டிருந்தது. 9ஆம் நாள் மாலை பலத்த காற்று எச்சரிக்கையும், நள்ளிரவுக்குப் பின் அதனிலும் கடுமையான புயல் எச்சரிக்கையும் விடுக்கப்பட்டன. கப்பல் தலைவர் எர்னஸ்ட் மக்சோர்லி, காற்றின் மறைவை நாடிக் கனடியக் கரையோர வழியைத் தேர்ந்தார். 10ஆம் நாள் பிற்பகலில் காற்று வடமேற்காகத் திரும்பியதும் அம்மறைவு பயனற்றுப் போயிற்று. கப்பல் ஒருபக்கம் சாயத் தொடங்கியது, ராடார்களும் பழுதடைந்தன. பின்னால் வந்துகொண்டிருந்த ஆர்தர் எம். ஆண்டர்சன் என்னும் கப்பல் வானொலி வழியாக அதற்கு வழிகாட்டி வந்தது. இரவு 7.10 மணியளவில் நடந்த உரையாடலே கடைசித் தொடர்பு. அதன்பின் சிறிது நேரத்தில் கப்பல், அபாய அழைப்பு எதுவும் விடாமல், கனடிய எல்லைக்குட்பட்ட நீரில் சுமார் 160 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. அதிலிருந்த 29 பேரும் இறந்தனர்.

மூழ்கியதற்கான காரணம் இன்றளவும் முடிவாகவில்லை. சரக்கறைகளின் மூடிகள் வழியாக நீர் புகுந்தது, ஆழமற்ற திட்டில் அடிப்பகுதி உரசியது, பேரலைகள் அடுத்தடுத்து மேல்தளத்தை மூழ்கடித்தன எனப் பல கருத்துகள் உள்ளன. கனடியப் பாடகர் கார்டன் லைட்புட் 1976இல் வெளியிட்ட பாடல் இந்நிகழ்வை உலகறியச் செய்தது. 1995இல் கப்பலின் மணி மேலே கொண்டுவரப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 10 அன்று ஸ்பிளிட் ராக்கில் 29 பேரின் பெயர்களும் வாசிக்கப்பட்டு, மணி ஒலிக்கப்பட்டு, அணைந்துபோன அவ்விளக்கு அன்று மட்டும் ஏரியை நோக்கி ஏற்றப்படுகிறது.

1940ஆம் ஆண்டின் போர்நிறுத்த நாள் பனிப்புயல்

முதல் உலகப்போர் முடிவுற்ற நவம்பர் 11, அக்காலத்தில் போர்நிறுத்த நாளாகக் கொண்டாடப்பட்ட விடுமுறை நாள். 1940இல் அது திங்கட்கிழமையன்று வந்தது. காலை வானிலை பருவத்துக்கு ஒவ்வாத அளவு இதமாக இருந்தது. மிசிசிப்பி ஆறு வாத்துகளின் வலசைப் பாதையில் அமைந்திருப்பதால், வாத்து வேட்டைக்காரர் பலர் மெல்லிய மேலாடையுடன் சிறு படகுகளில் ஆற்றுத் தீவுகளுக்குச் சென்றனர். அன்று வாத்துகள் வழக்கத்துக்கு மாறாகப் பெருங்கூட்டங்களாகத் தாழப் பறந்து வந்தன. அவை புயலுக்கு முன்னோடிச் செல்கின்றன என்பதை வேட்டையின் மும்முரத்தில் பலர் எண்ணவில்லை.

நண்பகலை ஒட்டி மழை தொடங்கி, உறைமழையாகிப் பனியாயிற்று. காற்று மணிக்கு 80 கி.மீட்டருக்கும் மேலான விரைவில் வீசியது. வெப்பநிலை மணிக்கணக்கில் சரிந்தது. ஆற்றில் எழுந்த அலைகள் படகுகளைக் கவிழ்த்ததால் தீவுகளிலிருந்து கரைக்குத் திரும்ப வழியில்லாது போயிற்று. நனைந்த உடையுடன் இருந்தவர்கள் படகைக் கவிழ்த்து அதன் அடியில் ஒதுங்கினர். சிலர் உறங்கிவிடாதிருக்க இரவெல்லாம் மரத்தைச் சுற்றி நடந்தே உயிர் பிழைத்தனர். மறுநாள் வினோனா நகரைச் சேர்ந்த வானோடி மாக்ஸ் கான்ராட், அடங்காத காற்றில் தம் சிறு வானூர்தியை ஆற்றின் மேல் தாழப் பறக்கவிட்டு, சிக்கியவர்களைக் கண்டறிந்து உணவும் தீக்குச்சியும் அடங்கிய தகரப்பெட்டிகளைப் போட்டார். மீட்புப் படகுகளுக்கு அவர்கள் இருக்குமிடத்தையும் காட்டினார்.

மினசோட்டாவில் மட்டும் 49 பேர் இறந்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வாத்து வேட்டைக்குச் சென்றவர்கள். வாட்கின்ஸ் என்னும் ஊரில் பனிமறைப்பில் இரு தொடர்வண்டிகள் மோதிக்கொண்டன. காலேஜ்வில் என்னுமிடத்தில் 67 செ.மீட்டருக்கு மேலும் இரட்டை நகரங்களில் சுமார் 42 செ.மீட்டரும் பனி பதிவாயிற்று. நன்றியறிதல் நாளுக்காக வளர்க்கப்பட்ட வான்கோழிகள் இலட்சக்கணக்கில் மடிந்தன. மிச்சிகன் ஏரியில் கப்பல்களும் மூழ்கின. நான்கு நாள் முன்னர் வாசிங்டன் மாநிலத்தில் டகோமா நெருக்குப் பாலத்தை வீழ்த்திய காற்றும் இதே புயலமைப்பைச் சேர்ந்தது எனக் கருதப்படுகிறது.

குளிரும் மழையும் வரும் என்று முன்னறிவிக்கப்பட்டிருந்தது. இவ்வளவு கடுமை முன்னறிவிக்கப்படவில்லை. அக்காலத்தில் இப்பகுதிக்கான முன்னறிவிப்புகள் சிக்காகோவிலுள்ள வானிலை அலுவலகத்திலிருந்து வெளியிடப்பட்டன. அவ்வலுவலகத்தில் இரவு முழுவதும் பணியாளர் இருந்ததில்லை. இப்பேரிடருக்குப் பின் அங்கு 24 மணி நேரப் பணி நடைமுறைக்கு வந்தது. இரட்டை நகர அலுவலகமே தன் பகுதிக்கு முன்னறிவிப்பு வழங்கும் பொறுப்பையும் பெற்றது.

1991ஆம் ஆண்டின் ஆலோவீன் பனிப்புயல்

1991 அக்டோபர் 31 அன்று பிற்பகலில், சிறுவர் வேடமணிந்து வீடுவீடாகச் செல்லும் ஆலோவீன் நாளில், இரட்டை நகரங்களில் பனி விழத் தொடங்கியது. நவம்பர் 3 வரை அது நீடித்தது. இரட்டை நகரங்களில் மொத்தம் 72 செ.மீட்டரும் துலூத்தில் சுமார் 94 செ.மீட்டரும் (36.9 அங்குலம்) பதிவாயின. தெற்கு மாவட்டங்களில் பனிக்கு மாறாக உறைமழை பெய்து, மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் மூழ்கின.

அம்மாத இறுதியில் மற்றொரு பெரும்புயலும் வந்தது. இரட்டை நகரங்களில் 1991 நவம்பரின் மொத்தப் பனிப்பொழிவு 46.9 அங்குலம், அதாவது சுமார் 119 செ.மீ. அந்நகரங்களின் பதிவேட்டில் மிகுந்த பனி விழுந்த மாதம் சனவரியோ பெப்ரவரியோ அன்று, இந்த நவம்பரே. சிறுவர்கள் பனிக்கால மேலங்கிக்கு மேல் வேட உடையை இழுத்து மாட்டிக்கொண்டு வெளியே சென்றது, அத்தலைமுறையினர் இன்றும் நினைவுகூரும் செய்தியாகும்.

ஏரிகள் உறைதல்

பத்தாயிரம் ஏரிகளின் நாடு எனத் தன்னைக் கூறிக்கொள்ளும் இம்மாநிலத்தில், 10 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் மட்டும் 11,842 உள்ளன. வடக்கிலுள்ள சிறிய, ஆழமற்ற ஏரிகள் நவம்பரின் முதற் பாதியிலேயே மூடிக்கொள்கின்றன. தெற்கு நோக்கிச் செல்லச் செல்ல இது மாத முடிவுக்கும் திசம்பருக்கும் தள்ளிப்போகும். பெரிய ஏரிகள் இன்னும் பிந்தியே உறையும்.

நன்னீர் 4 பாகை செல்சியசில் மிகுந்த அடர்த்தி உடையது. இலையுதிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்க, அடிநீர் மேலே வரும். ஏரி முழுவதும் 4 பாகையை அடைந்தபின் மேலும் குளிரும் நீர் இலேசாகி மேலேயே தங்கிவிடும். அதன்பின் காற்றில்லாத, தெளிந்த வானமுடைய ஒரே இரவு போதும். மாலையில் அலையாடிய ஏரி காலையில் மூடியிருக்கும். அலை எழுப்பும் காற்று இருந்தால் உறைதல் தள்ளிப்போகும். பக்கத்துப் பக்கத்து ஏரிகளில் ஒன்று உறைந்தும் மற்றொன்று உறையாமலும் இருப்பதற்கு ஆழமும் காற்றுவெளியுமே காரணம்.

உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிப்பது இங்குப் பெரிதும் விரும்பப்படும் பொழுதுபோக்காதலால், முதல் பனிக்கட்டியில் இறங்குவோர் மிகுதி. நீரில் வீழ்ந்து இறப்போரும் உண்டு. நடந்து செல்வதற்குக் குறைந்தது 4 அங்குலம், அதாவது 10 செ.மீ. தடிப்பான தெளிந்த பனிக்கட்டி வேண்டும் என்பது மாநில இயற்கைவளத் துறையின் அறிவுரை. ஒரே ஏரியில் ஓரிடத்தில் 15 செ.மீட்டரும், ஊற்று உள்ள இடத்தில் 3 செ.மீட்டரும் இருக்கக்கூடும் என்பதால், சில அடிக்கு ஒருமுறை துளையிட்டு அளந்தே செல்ல வேண்டும். பனிக்கட்டியின் மேல் விழும் வெண்பனி போர்வையாகி அது தடிப்பதைத் தாமதப்படுத்துவதோடு, பலமற்ற இடங்களைக் கண்ணுக்கு மறைத்தும் விடுகிறது.

உழவும் வேட்டையும் வலசையும்

மக்காச்சோளம், சோயா அவரை ஆகியவற்றின் அறுவடை பெரும்பாலான ஆண்டுகளில் நவம்பர் நடுப்பகுதிக்குள் முடிந்துவிடும். மண் உறையுமுன் உழுதும் உரமிட்டும் முடிக்க உழவர் முயல்கின்றனர். வடமேற்கில் சிவப்பாற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் சர்க்கரை பீட் கிழங்குக்கு இம்மாதம் கடைசி வாய்ப்பு. 2019இல் தொடர்ந்த ஈரமும் அதையடுத்து வந்த உறைகுளிரும் காரணமாக, அங்குப் பெருமளவு கிழங்குகள் தோண்டப்படாமல் மண்ணிலேயே விடப்பட்டன.

துப்பாக்கி கொண்டு மான் வேட்டையாடும் பருவம் நவம்பர் முதல் வாரத்தை ஒட்டிய சனிக்கிழமையன்று தொடங்குகிறது. தரையில் சிறிது பனி இருந்தால் காலடித் தடமும் மானின் உருவமும் தெளிவாகத் தெரியும் என்பதால் வேட்டைக்காரர் அதனை விரும்புவர்.

தென்கிழக்கில், பிரௌன்ஸ்வில் அருகே மிசிசிப்பியின் பின்நீர்ப் பகுதிகளில், தூந்திர அன்னங்கள் ஆயிரக்கணக்கில் நவம்பரில் தங்கிச் செல்கின்றன. ஆற்றுநீர் உறையும் வரை அங்கே இரை தேடிவிட்டு, பின்னர் கிழக்கே அட்லாண்டிக் கரைக்குச் செல்லும்.

மாறிவரும் நவம்பர்

புவி வெப்பமாதலின் விளைவாக மினசோட்டாவின் குளிர்காலம், கோடையைக் காட்டிலும் விரைவாக வெப்பமாகி வருகிறது. பல ஏரிகளில் உறையும் நாள் பிந்தியும் உருகும் நாள் முந்தியும் வருவதை நீண்டகாலப் பதிவேடுகள் காட்டுகின்றன. 2001, 2009, 2016 ஆகிய ஆண்டுகளின் நவம்பர்கள் மிக மிதமாக இருந்தன. 2020 நவம்பர் முதல் வாரத்தில் இரட்டை நகரங்களில் தொடர்ந்து பல நாள்கள் 21 பாகையைத் தாண்டின. இதனால் பெரும்புயல்கள் இல்லாமற்போய்விடவில்லை. 2019 நவம்பரின் இறுதி வாரத்தில், நன்றியறிதல் நாளுக்கு முன்னும் பின்னுமாக இரு பெரும் பனிப்புயல்கள் அடுத்தடுத்து வந்து பயணிகளைத் தடுத்து நிறுத்தின.

பனிக்கட்டியில் இறங்குவோரின் நிலை இதனால் எளிதாகவில்லை. முன்னர் நவம்பர் இறுதியில் நம்பி நடக்கக்கூடியதாயிருந்த ஏரிகளில், இப்போது சில ஆண்டுகளில் நீரே காணப்படுகிறது. வேறு சில ஆண்டுகளில் மெல்லிய பனிக்கட்டி உருவாகி, உருகி, மீண்டும் உருவாகிறது. இவ்வாறு உருகி உறைந்த பனிக்கட்டி வெண்மையாகவும் துளைகளுடனும் இருக்கும். அதே தடிப்புள்ள தெளிந்த பனிக்கட்டியின் பாதியளவு வலுவே இதற்கு உண்டு என்பதால், 10 செ.மீ. என்னும் அளவை இதற்கு இருமடங்காகக் கொள்ள வேண்டும்.